வேரும் ஓவியமும்

அழகிடம் கணக்குக் கேட்கலாமா? பழைய தாவர ஓவியங்களைப் புரட்டும்போது நமக்குள் எழும் வினா இது. வெள்ளைத் தாளின் நடுவே ஒரு காட்டுப்பூ. அருகே பிளந்து காட்டிய சூலகம், விதை, வேர். செடி வளர்ந்த மண்ணை அங்கே காணோம். அதைத் தோண்டிய கையையும் காணோம்.

மன்னார்க் கரையில் நின்று இவ்வினாவை ஆராய்வோம். இங்கு மணற்பாங்கான நிலத்தில் வளர்வது சாயவேர்ச் செடி. அதன் பூ வெண்மையானது, மிகச் சிறிது, வழிப்போக்கன் கண்ணில் படாதது. மதிப்பெல்லாம் வேரில் இருந்தது. துணிக்குச் சிவப்பேற்றும் சாயம் அவ்வேரிலிருந்தே கிடைத்தது. 1658-இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தம் வருவாயாக்கினர். வேர் தோண்டுவதோ, பிறப்பின் பெயரால் ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது.

அதே ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக 1672-இல் இலங்கைக்கு வந்தவர் பவுல் ஹெர்மன். செடிகளை உலர்த்திச் சேர்த்தார், ஓவியங்களைத் திரட்டினார், உள்ளூர்ப் பெயர்களையும் குறித்தார். அத்திரட்டை ஆராய்ந்த லின்னேயஸ், 1747-இல் 'புளோரா செய்லானிக்கா' என்னும் நூலை வெளியிட்டார். திரட்டு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருவர் பெயரும் நிலைத்தன. "இது இன்ன செடி" என்று ஹெர்மனுக்குச் சொல்லிக் கொடுத்த ஊராரின் பெயர் எங்கே?

விதிவிலக்கு உண்டு. 1823-இல் அரசுத் தாவரத் தோட்டத்தில் ஓவியராகச் சேர்ந்த ஹார்மனிஸ் டி அல்விஸ், 38 ஆண்டுகள் வரைந்தார். டிரைமனின் இலங்கைத் தாவர நூல் 1893 முதல் 1900 வரை வெளிவந்தபோது, அதன் படங்களை வரைந்தவர் அக்குடும்பத்தவரான வில்லியம் டி அல்விஸ். தூரிகை பிடித்த கைக்குப் பெயர் கிட்டிற்று. மண்வெட்டி பிடித்த கைக்குக் கிட்டவில்லை.

அப்படியாயின் ஓவியத்தை வெறுப்பதா? அன்று. செடியைக் கண்டறியாதவனும் அதை இனங்காண உதவுவது ஓவியம்; அறிவைப் பொதுவுடைமையாக்கும் பணி அது. அது காட்டுவது பொய்யன்று. காட்டியதே முழுமை என நாம் நம்பும்போதுதான் பிழை நேர்கிறது. சாயவேரின் செம்மைக்குக் காரணமான அலிசரினை 1869-இல் ஜெர்மானிய வேதியியலார் செயற்கையாக ஆக்கினர். இயற்கைச் சாயங்களின் சந்தை சரிந்தது. தோண்டும் வேலை போயிற்று. தோண்டியவரை இழிவாக எண்ணும் வழக்கம் மட்டும் போகவில்லை. இந்த வரலாறு எந்தத் தாவரப் படத்திலும் தெரியாது.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பேசாலைக் கடற்கரையில் படர்ந்த அடம்பன் பூவை மாணவர் வரையட்டும். இதழையும் நரம்பையும் பிழையின்றி வரையட்டும். பின்னர் அத்தாளின் அடியில் இரண்டு வரி எழுதட்டும்: இதன் பெயரை உனக்குச் சொன்னவர் யார்? இதைக்கொண்டு பிழைத்தவர் யார்? இரண்டாம் வினாவுக்கு விடை தேடும் மாணவன், தன் ஊரின் சில வாசல்களை முதன்முறையாக மிதிக்க நேரும். அங்கிருந்துதான் அவன் படிப்புத் தொடங்குகிறது.