தேங்காய் நண்டும் வெளியேற்றப்பட்ட மனிதரும்

ஆண்டு பத்து மாணவர்களுக்கு இந்து சமுத்திரத் தீவுகளைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, தேசப்படத்தில் எமது நாட்டுக்குத் தென்மேற்கே ஒரு புள்ளியைக் காட்டி, "இதுதான் டியேகோ கார்சியா, அமெரிக்கப் படைத்தளம் உள்ள தீவு" என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். பிள்ளைகளுக்குச் சுவையாக இருக்கட்டுமே என்று, அங்கே தேங்காயை உரித்துத் தின்னும் பெரிய நண்டுகள் உண்டென்றும், அவற்றைப் பிடிப்பது சட்டப்படி குற்றமென்றும், அத்தீவில் வாழ்ந்த மனிதரை ஒரு காலத்தில் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள் என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். "சேர், அப்ப நண்டுக்கு இருக்கிற சட்டம் மனிசருக்கு இருக்கல்லையா?"

வகுப்பு சிரித்தது. மணியும் அடித்தது. கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

எமது தென்கரையிலிருந்து ஏறக்குறைய 1,700 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது அந்தத் தீவு. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் அதுவே பெரியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் அடிமைகளைக் கொண்டுவந்து அங்கு தென்னை வைத்தார்கள். அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் கொப்பரா காயவைத்தும் மீன்பிடித்தும் அங்கேயே ஒரு சமூகமானார்கள். 1965 இல் பிரித்தானியா அத்தீவுகளை மொறீசியஸிலிருந்து பிரித்தெடுத்தது. அடுத்த வருடம் அவற்றைப் படைத்தேவைக்கு அமெரிக்காவுக்குத் திறந்துவிட்டது. 1968 முதல் 1973 வரையான காலத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்ட தொகையினர் மொறீசியஸிலும் சீசெல்ஸிலும் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். கடற்பறவைகளைத் தவிர அங்கே சுதேசக் குடிகள் எவரும் இருக்கக்கூடாது என்ற கருத்தில் லண்டன் அதிகாரிகள் 1966 இலேயே குறிப்பெழுதி வைத்திருந்தார்கள்.

அத்தீவில் படைத்தளத்தின் 'விலங்கு முகாமைத்துவம்' எதில் தொடங்கியது என்பதை அறிந்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 1971 இல் அம்மக்களின் வளர்ப்பு நாய்கள் எல்லாவற்றையும் கொல்லும்படி உத்தரவு வந்தது. சுட்டும் நஞ்சிட்டும் முடியாமற் போகவே, எஞ்சியவற்றைக் கொப்பரா உலர்த்தும் கொட்டிலில் அடைத்து, வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். உரிமையாளர்கள் அப்போது இன்னும் தீவில்தான் இருந்தார்கள். தோட்டத்துக் கழுதைகள் மட்டும் எப்படியோ தப்பி, அவற்றின் வழித்தோன்றல்கள் காட்டுக் கழுதைகளாக அங்கே திரிந்தன.

இனி மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஓடுபாதையும் கட்டடங்களும் தீவின் மேற்குக் கையில் நெருக்கமாக இருக்க, கிழக்குக் கை பெரும்பாலும் காடாகவே விடப்பட்டது. வடகிழக்கு முனையில் செங்கால் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடுகட்டுகின்றன. பச்சை ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. 2001 இல் அவ்விடம் ராம்சார் சாசனத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட ஈரநிலமாகப் பதியப்பட்டது. வேறு பல தீவுகளில் மனிதர் தின்றே அருகிப்போன தேங்காய் நண்டு இங்கு தாராளமாக உண்டு. அது நான்கு கிலோ வரை வளரும். ஐம்பது, அறுபது வருடம் வாழும். அப்படியானால் 1971 இல் குஞ்சாக ஊர்ந்த ஒன்று இன்றும் அங்கே ஒரு தென்னையடியில் இருக்கக்கூடும் என்று கணக்குப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் புத்தி.

மனிதர் இல்லாததால்தான் இயற்கை தழைத்தது என்று சொல்பவர்களின் வாதத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. சாகோஸில் 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, எலி நுழையாத தீவுகளில் கடற்பறவை அடர்த்தி எலியுள்ள தீவுகளைவிட 760 மடங்கு அதிகம் என்று காட்டியது. பறவை எச்சம் கடலில் கலப்பதால் அத்தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளில் மீனும் கிட்டத்தட்ட அரைப்பங்கு கூடுதல். எலிகளைக் கொண்டுவந்தவை மனிதரின் கப்பல்கள். ஆனால் அக்கப்பல்களின் அடித்தட்டில் விலங்கிடப்பட்டு வந்தவர்களின் சந்ததியிடம் எலிக்குக் கணக்குக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

அதைவிடப் பெரிய பொய் 'மனிதரற்ற தீவு' என்ற பேச்சு. தளத்தில் ஆயிரக்கணக்கான ஆட்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஓடுபாதைக்காகப் பவளப்பாறை வெட்டப்பட்டது. அங்கே இல்லாதிருந்தவர்கள் குறிப்பிட்ட ஒரு மனிதர் கூட்டம் மட்டுமே. 2010 இல் பிரித்தானியா 640,000 சதுர கிலோமீற்றர் கடலைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாகப் பிரகடனஞ்செய்து மீன்பிடியைத் தடுத்தது. படைத்தளத் தீவைச் சூழ்ந்த நீர் மட்டும் விலக்கு! தளத்தில் உள்ளோர் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடலாம். அதே ஆண்டின் இறுதியில் கசிந்த அமெரிக்கத் தூதரகக் குறிப்பொன்று, இப்படியொரு கடற்பூங்கா வந்தால் அகற்றப்பட்டோரின் மீள்குடியேற்றக் கோரிக்கை செல்லாமற்போகும் என்று பிரித்தானிய அதிகாரி ஒருவர் சொன்னதைப் பதிந்திருந்தது. 2015 இல் சர்வதேச நடுவர் மன்றமொன்று அப்பிரகடனம் கடற்சட்டத்துக்கு முரணானது எனத் தீர்த்தது.

ஆக, ஆமைக்குச் செய்த நன்மை நன்மையா? எண்ணம் கெட்டதாயிருந்தால் செயலும் கெட்டதென்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். அப்படிச் சொன்னால் ஆமை முட்டையிடக் கூடாது என்றாகிவிடுமே. ஆமைக்கு எண்ணம் தேவையில்லை, அமைதியான மணல் போதும். அது நன்மையென்றே நான் ஒப்புக்கொள்கிறேன். நான் ஒப்பாதது, அந்த நன்மையைக் காசாக்கி வேறொருவரிடம் பட்ட கடனை அடைக்கப் பார்ப்பதை. நண்டிடம் நல்லவனாக இருப்பதால், துரத்தப்பட்ட கிழவியிடம் பட்ட கடன் ஒரு சதமும் குறைவதில்லை.

இதை இத்தனை உறுதியாக எழுதும் எனக்கு ஓர் உறுத்தலும் உண்டு. 1990 இல் எனக்குப் பத்து வயது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எம்மவர்களோடு எங்கள் குடும்பமும் ஒரு துணிப்பையுடன் புறப்பட்டது. இருபது வருடம் கழித்து வாப்பாவுடன் காணியைப் பார்க்கப் போனேன். வீடிருந்த இடத்தில் பாலையும் வீரையும் நின்றன. முற்றத்தில் இரண்டு மயில்கள். வாப்பா ஒரு பேச்சுமின்றிக் கிணற்றைத் தேடிப் பற்றைக்குள் நுழைந்தார். நானோ, என்ன அழகு என்று மயிலைப் பார்த்து நின்றுவிட்டேன். "கத்திய எடு மகன்" என்ற குரல் கேட்டுத்தான் சுயநினைவு வந்தது. அந்தச் சில நிமிடம் நானும் கடற்பூங்கா அதிகாரியாகத்தான் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

டியேகோ கார்சியாவுக்கு எம்மொழி பேசுவோரும் போனார்கள். கனடாவை நோக்கிப் புறப்பட்ட இலங்கைத் தமிழர் சிலர் 2021 ஒக்டோபரில் படகு பழுதாகி அங்கே கரைசேர்ந்தனர். வேலியடைத்த முகாமில், எலிகள் ஓடும் கூடாரங்களில் மூன்று வருடங்கள். பெரும்பாலானோர் 2024 டிசம்பரில் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதமானது என்று அதே மாதத்தில் தீர்ப்பும் வந்தது. 2025 மே 22 இல் பிரித்தானியாவும் மொறீசியஸும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், மற்றைய சாகோஸ் தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொறீசியஸுக்கு இடமளிக்கிறது. நண்டும் படையும் இருக்கும் அந்தப் பெரிய தீவில் அல்ல.

மறுநாள் வகுப்பில் இவற்றில் பாதியைச் சொன்னேன். அந்தப் பையன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த நாய்களுக்குப் பேர் இருந்திருக்குமா சேர்?" என்றான். இருந்திருக்கும் என்றேன்.