மறுக்க முடிந்தால்தான் கொடை

என் கடைசித் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தபோது, எலும்பு மஜ்ஜை மாற்றுவது ஒன்றுதான் வழி என்றார்கள். எனக்கும் நடுத் தம்பிக்கும் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை நடந்தது. இருவருக்குமே பாதிப் பொருத்தம்தான்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் என்றால் பேச்சு பெரும்பாலும் அந்தப் பரிசோதனைத் தாளோடு முடிந்திருக்கும். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான். பாதிப் பொருத்தத்தில் மாற்றினால் புது அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும். அல்லது அவர் உடம்பு அவற்றை ஏற்காது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அணுக்களை ஏற்றிய மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய மருந்தைக் கொடுப்பது. சண்டைக்குக் கிளம்பி வேகமாகப் பெருகும் அணுக்களை அது அழிக்கிறது. ரத்தம் உற்பத்தி செய்யும் ஸ்டெம் செல்களோ தம்மிடமுள்ள ஒரு நொதியின் துணையால் தப்பிவிடுகின்றன.

இந்தப் பொருத்தத்தில் பாதி தாய் வழி, பாதி தகப்பன் வழி. ஆகவே பெற்றவரும் பிள்ளையும் எப்போதும் பாதியாவது பொருந்துவார்கள். உடன்பிறந்தவர்களில் சரிபாதிப் பேர் அப்படிப் பொருந்துவார்கள். இன்று அநேகமாக எல்லா வீட்டிலும் கொடுக்கத் தகுந்தவர் ஒருவர் இருக்கிறார். எத்தனையோ உயிர்களைக் காத்த நல்ல செய்தி இது. ஆனால் முன்பு பெரும்பாலும் ‘பொருந்தவில்லை’ என்று பரிசோதனை சொல்லிவிடும். யாரும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. கொடுக்க முடிந்தவர் கொடுத்தே ஆக வேண்டுமா?

எங்கள் வீட்டில் மருத்துவர்கள் முதலில் நாடியது நடுத் தம்பியைத்தான். வயது குறைந்தவர், அதிலும் ஆண் என்றால் நல்லது என்றார்கள். அவன் முடியாது என்றான். “பயமா இருக்குக்கா. என்னய விட்டுரச் சொல்லு” என்றான் போனில். அவ்வளவுதான் காரணம். “ஒரு வயித்துல பொறந்தவன்லா” என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். மாமா அன்புடைமை அதிகாரத்துக் குறளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போய்விட்டார்: அன்புடையவர்கள் தம் எலும்பையும் பிறருக்கு உரிமையாக்குவார்கள் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே!

சொல்லியிருக்கிறார். ஆனால் அன்பு நிறைந்தவர் தானாகச் செய்வது இன்னது என்றுதான் சொன்னார். அடுத்தவன் வாசலில் நின்று எலும்பைக் கேட்டு வாங்க நமக்குப் பத்திரம் எழுதித் தரவில்லை. அன்பைச் சொல்லும் குறளை வசூலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

1978-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இதே கேள்வி நீதிமன்றம் ஏறியது. மஜ்ஜை வற்றும் நோய் கண்ட ஒருவருக்கு அவருடைய கசின் பொருந்துவார் போலிருந்தது. முதல் பரிசோதனைக்கு வந்தவர், அடுத்ததற்கு வர மறுத்துவிட்டார். நோயாளி வழக்குப் போட்டார். அந்த மறுப்பை அறத்தால் நியாயப்படுத்தவே முடியாது என்றார் நீதிபதி பிளாகர்டி. அப்படிச் சொல்லிவிட்டு, ஒருவர் உடம்பில் ஊசி ஏற்ற அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தார். சில வாரங்களில் நோயாளி இறந்துபோனார். இரண்டாவதாகச் சொன்னது சரியென்றே நினைக்கிறேன். முதலாவதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயம் பாவமல்ல.

எனக்கு வெளிச்சம் தந்தவர் கண்ணப்பர். காளத்தியில் சிவனின் கண்ணில் ரத்தம் வழிந்தபோது, கண்ணைக் கொடு என்று யாரும் அந்த வேடனைக் கேட்கவில்லை. தானே அம்பால் அகழ்ந்து அப்பினார். மற்றக் கண்ணிலும் ரத்தம் வந்ததும் தன் அடுத்த கண்ணுக்கு அம்பை எடுத்தார். கையைப் பிடித்து நிறுத்தியவர், பெற்றுக்கொள்ள வேண்டிய இறைவன். சின்ன வயதில் கேட்டபோது கண்ணப்பரின் அன்புதான் கதை என்று நினைத்தேன். இப்போது அந்தக் கையும் சேர்ந்ததுதான் கதை என்று தோன்றுகிறது. கொடுப்பவர் அளவு பார்க்காதபோது, வாங்குபவர் அளவு பார்க்க வேண்டும். இறைவனே பார்த்த அளவை நம் வீடுகளும் பார்க்கலாம்.

கடைசியில் நான் கொடுத்தேன். ஸ்டெம் செல்கள் ரத்தத்தில் பெருகிவர சில நாள் ஊசி போட்டார்கள். இடுப்பும் முதுகெலும்பும் உள்ளிருந்து குடைந்தன. பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், வேண்டியதைப் பிரித்தெடுத்தபின் மறு கை வழியாகத் திரும்பியது. பாதியில் உதட்டைச் சுற்றி மதமதவென்று மரத்தது. ரத்தம் உறையாமல் சேர்க்கும் திரவம் கால்சியத்தைக் குறைப்பதால் அப்படி ஆகும் என்று நர்ஸ் மாத்திரை தந்தார். மாலையில் பிரித்தெடுத்தது சிறிய பையாகத் தம்பியின் கட்டிலுக்கு மேல் தொங்கியது.

பி பாசிட்டிவாக இருந்தவன் இப்போது என்னைப் போல ஓ பாசிட்டிவ். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளை அவனுக்கு மறுபடி போட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் அவனிடம், “உன் உடம்புல ஓடுதது ஒங்க அக்கா ரத்தம், மறந்துராத” என்றார். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பாராட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் கொடுத்தது வாங்கியவனைத் தாக்குவது அணுக்களில் மட்டும் நடப்பதில்லை. ‘நான் கொடுத்தேன்’ என்பதும் உள்ளே போய்ப் பெருகும். காலமெல்லாம் அவனைக் கடன்காரனாக்கும். அது அவன் ரத்தம் என்று அந்த உறவுக்காரரிடம் அங்கேயே சொன்னேன். அவன் எலும்புக்குள் ஊறுவது வேறு யாருடையதாக இருக்க முடியும்?

நடுத் தம்பி இன்னும் தயங்கித் தயங்கித்தான் வீட்டுக்கு வருகிறான். அவன் மறுக்க முடிந்ததால்தான் நான் கொடுத்தது கொடையாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இந்த நிலைக்கு வரும் குடும்பங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். நோயாளியின் கட்டிலருகே வைத்துக் கேட்காதீர்கள். முடியாது என்பவரைப் பந்தியில் உங்கள் பக்கத்திலேயே உட்காரவையுங்கள்.