இன்சுலினை எழுத்துக்கூட்டி வாசித்தவர்

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் ஊசி 1922 முதலே போட்டுவந்தார்கள். ஆனால் அந்த மருந்து எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டால், 1940-கள் வரை எவரிடமும் சரியான விடை இல்லை. அது ஒரு புரதம். அமிலத்தில் கொதிக்கவைத்தால் அமினோ அமிலங்களாக உதிரும். உதிர்ந்ததில் எது எவ்வளவு என்று எண்ணத் தெரிந்திருந்தது. ஒரு பாட்டில் ‘க’ எத்தனை, ‘ம’ எத்தனை என்று கணக்கெடுத்துவிட்டுப் பாட்டைக் கோட்டைவிட்ட கதைதான். போதாக்குறைக்கு, பாட்டு என்று ஒன்று உண்டா என்பதிலேயே பலருக்கு ஐயம். புரதம் என்பது ஏறத்தாழ ஒத்த மூலக்கூறுகளின் கலவை, அதற்குத் திட்டமான வரிசை இருக்கத் தேவையில்லை என்று எண்ணிய வேதியியலாளர்கள் இருந்தார்கள்.

கேம்பிரிட்ஜில் 1943-இல் முனைவர் பட்டம் பெற்ற ஃபிரெடெரிக் சாங்கரை இன்சுலின் பக்கம் திருப்பியவர் பேராசிரியர் சிப்னால். தேர்வுக்குப் பெரிய தத்துவக் காரணம் ஏதுமில்லை. தூய்மையாகவும் வேண்டிய அளவிலும் வாங்கக் கிடைத்த மிகச் சில புரதங்களில் ஒன்று, மருந்துக்கென்று தயாரித்த மாட்டு இன்சுலின்.

முதல் வேலை, நுனியைக் கண்டுபிடிப்பது. அமினோ அமிலங்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்த சங்கிலியாக நிற்கின்றன என்றால், முதலில் நிற்பதன் ஒரு கை சும்மா இருக்கும். அந்தக் கையில் ஒட்டிக்கொள்ளும் வேதிப்பொருள் ஒன்றைச் சாங்கர் பிடித்தார்: ஃப்ளோரோடைநைட்ரோபென்சீன். ஒட்டிய இடம் மஞ்சளாகும். பிறகு அமிலத்தில் கொதிக்கவைத்தால் மற்றக் கைகளெல்லாம் விடுபடும், மஞ்சள் மட்டும் விடாது. எந்த அமினோ அமிலம் மஞ்சள் பூசிக்கொண்டு வருகிறதோ அதுவே நுனி. 1945-இல் அவர் வெளியிட்ட முடிவில் இரண்டு நுனிகள் இருந்தன: கிளைசின், ஃபினைல்அலனின். அப்படியானால் சங்கிலியும் ஒரே வகை இல்லை. (நான்கு சங்கிலிகள் என்றே அப்போது எழுதினார். அன்று நம்பிய மூலக்கூறு எடை உண்மையைவிட இரு மடங்காக இருந்ததால் வந்த பிழை அது.)

சங்கிலிகளைக் கந்தகப் பாலங்கள் பிணைத்திருந்தன. பெர்ஃபார்மிக் அமிலம் அவற்றை அறுத்தது. ‘ஏ’, ‘பி’ என்று இரு சங்கிலிகள் தனித்தனியே கைக்கு வந்தன.

இனிமேல்தான் வாசிப்பு. முழுச் சங்கிலியை ஒரே மூச்சில் படிக்க வழியில்லை. எனவே அமிலத்தால் அரைகுறையாக உடைத்து, இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளாக்கி, தாள் வண்ணப்பிரிகையால் பிரித்தார்கள். ஈரம் ஏறும் தாளில் ஒவ்வொரு துண்டும் தன் வேகத்தில் நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மறுபடி மஞ்சள் சோதனை: எது முதலில், எது பின்னால்?

துண்டுகளைக் கோக்கும் முறையை அந்தாதி தெரிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். ஏடுகள் சிதறினாலும் அடுக்கிவிடலாம். ஒரு துண்டு ஃபினைல்அலனின்–வாலின், இன்னொன்று வாலின்–அஸ்பார்டிக் அமிலம் என்றால் இரண்டும் வாலினில் கோத்துக்கொள்ளலாம். ஆனால் வாலின் ஓரிடத்தில் மட்டுமா வருகிறது? ஐயம் வந்த இடத்தில் நொதிகளால் வேறு இடங்களில் வெட்டி, நீண்ட துண்டுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். வியன்னாவிலிருந்து வந்த ஹான்ஸ் டுப்பி ஏறத்தாழ ஓராண்டு சாங்கருடன் உழைத்ததில் ‘பி’ சங்கிலியின் 30 அமினோ அமிலங்களும் வரிசைக்கு வந்தன. ‘ஏ’ சங்கிலியில் 21 மட்டுமே. ஆனால் நொதி வெட்டக்கூடிய இடங்கள் அதில் குறைவு என்பதால் சின்னதே அதிகம் படுத்தியது. ஆஸ்திரேலியரான தாம்சனுடன் அதை 1953-இல் முடித்தார்.

மிச்சமிருந்தவை பாலங்கள். எந்தக் கந்தகம் எதனுடன் சேர்ந்தது என்று பார்க்கப் போனால், அமிலத்தில் உடைக்கும்போதே அவை இணை மாற்றிக்கொண்டன. எந்த ஜோடியைத் தேடினாலும் கிடைத்தது. அந்தக் கலப்பைத் தடுக்கக் கற்ற பிறகே 1955-இல் முழுப் படம் தெரிந்தது: சங்கிலிகளுக்கிடையே இரண்டு பாலங்கள், ‘ஏ’ சங்கிலிக்குள்ளேயே ஒன்று.

1958-இல் வந்த நோபல் பரிசைவிடப் பெரிது, அந்த 51-இன் வரிசையில் எந்தக் கணித ஒழுங்கும் காணப்படவில்லை என்பதுதான் என்பேன். குறிப்பிட்ட இடைவெளியில் அதே அமினோ அமிலம் திரும்ப வரும் என்று முன்பு ஒரு கொள்கை இருந்தது. அது இங்கே பொய்த்தது. ஆனாலும் வரிசை தப்பாமல் அதேதான். மாட்டுக்கும் பன்றிக்கும் ‘ஏ’ சங்கிலியில் இரண்டே இடங்களில் வேறுபாடு. விதியில்லாத ஒன்று இவ்வளவு பிசகாமல் திரும்பத் திரும்ப உருவாக வேண்டுமானால், உயிரணுவுக்குள் எங்கோ அது எழுதப்பட்டிருக்க வேண்டும். மரபணு என்பது அமினோ அமில வரிசைக்கான எழுத்து என்று ஃபிரான்சிஸ் கிரிக் 1958-இல் துணிந்து எழுத, இது ஒரு பிடிமானம்.

அந்த மூல எழுத்தான டிஎன்ஏவையும் வாசிக்க 1977-இல் சாங்கரே வழி கண்டார். 1980-இல் வேதியியலுக்கே இரண்டாவது நோபலும் வந்தது.

1978-இல் அமெரிக்காவில் மனித இன்சுலினை பாக்டீரியாவில் உண்டாக்கியவர்கள் மனித மரபணுவை எடுத்துவரவில்லை. அமினோ அமில வரிசையைப் பார்த்து, அதற்குரிய டிஎன்ஏவை வேதியியல் முறையில் தாங்களே கோத்தார்கள். ‘ஏ’ சங்கிலி ஒரு பாக்டீரியாவில், ‘பி’ சங்கிலி இன்னொன்றில். இரண்டையும் தனித்தனியே வடித்தெடுத்து, சாங்கர் அறுத்த அதே கந்தகப் பாலங்களைப் பிறகு சோதனைக் குழாயில் கட்டினார்கள்.