கொடையும் கணக்கெடுப்பும்

தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் மாதந்தோறும் தரப்படும் உதவித்தொகைக்கு அரசு ஆவணங்களில் உள்ள பெயர் ‘பணக்கொடை’. நல்ல தமிழ்ச் சொல். அந்தக் கொடை தொடர வேண்டுமானால் ‘செக்கிங்’ நாளில் நேரில் வந்து நிற்க வேண்டும். அலுவலர் மேசையில் பட்டியலை விரித்துவைத்துக் குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசிப்பார். அட்டையோடு வந்து முகம் காட்ட வேண்டும். வராதவரின் தொகை நின்றுபோகும். தொடர்ந்து வராவிட்டால் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும். ‘பதிவ வெட்டிட்டாங்க’ என்பது முகாமில் அடிக்கடி காதில் விழும் பேச்சு.

சோறு போடும் கையும், எங்கே போனாய் என்று விசாரிக்கும் கையும் ஒரே கையாக இருக்கலாமா? அகதிகளுக்கான உதவிப் பணிகளில் இறங்கும் எவரும் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு முன்னால் வந்து நின்றுதான் ஆக வேண்டும்.

ஒரு பெயிண்டரை எடுத்துக்கொள்வோம். முகாம் ஆண்களில் மிகப் பலருக்கு அதுதான் பிழைப்பு. குடியுரிமை இல்லாததால் அரசு வேலை கிடையாது. பட்டம் படித்தவர்கூட பிரஷ்ஷைத்தான் கையில் எடுக்கிறார். வெளியூரில் ஏதோ ஒரு கட்டடத்தில் சாரத்தில் நின்று பட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து போன் வருகிறது: நாளைக்கு செக்கிங். பாதி வேலையில் இறங்கி, இரவு பஸ் பிடித்து, விடியலில் முகாமுக்கு வந்து, நகக்கண்ணில் சுண்ணாம்பு காயாமல் வரிசையில் நிற்கிறார். பெயர் வாசிக்கிறார்கள். ‘இருக்கேன்’ என்கிறார். அரை நிமிட வேலை. மீண்டும் பஸ். போக, வர, நிற்க என்று மூன்று நாள் கூலி போயிற்று. 2021இல் உயர்த்தப்பட்ட கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. அவருக்கு வரும் 1,500 ரூபாய் பெயிண்டர் ஒருவரின் ஓரிரு நாள் கூலி. பணத்துக்காக மட்டுமென்றால் அவர் வந்திருக்கவே மாட்டார். பதிவு போய்விடுமே என்ற பயத்தில் வருகிறார்.

எதிர்த் தரப்பின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கொடுப்பது பொதுப் பணம். இறந்தவர் பெயரிலும் கடல் கடந்து போனவர் பெயரிலும் தொகை போகாமல் பார்ப்பது அரசின் கடமை. பாதுகாப்புக் காரணமும் சொல்லப்படுகிறது: 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்கள்மீது விழுந்த சந்தேகத்தையும், இறுகிய காவலையும் அந்தக் காலத்தை அறிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் வருவதுகூடச் சில ஆண்டுகள் தடைப்பட்டது.

இதைவிடக் கனமான வாதம் ஒன்று அகதிகள் பக்கத்திலிருந்தே வருகிறது. 2025இல் புதிய குடிவரவுச் சட்டத்தின் கீழ் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் இங்கே தஞ்சம் புகுந்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததால் வரும் நடவடிக்கையிலிருந்து விடுதலை தந்தது. ஆனால் அது பதிவு செய்தவர்களுக்கு மட்டும். பட்டியலில் பெயர் இருந்தவர் தப்பித்தார். தாயகத்தில் ஆவணங்களைப் பறிகொடுத்த ஒருவருக்கு, நான் இங்கே இத்தனை வருடம் இருந்தேன் என்று சொல்ல அந்தப் பெயர்ப் பட்டியலைவிட வலுவான சாட்சி எது? எண்ணப்படுவது அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது.

ஆகவே எண்ணுவதில் குற்றம் காண முடியாது. எண்ணிக்கையைச் சோற்றோடு முடிச்சுப் போட்டதுதான் குற்றம். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வாழும் அகதிகளைப் பார்த்தால் இது விளங்கும். முகாமில் ஏறத்தாழ 58,000 பேர் என்றால் வெளியே ஏறத்தாழ 34,000 பேர் என்பது 2021இல் அரசு சொன்ன கணக்கு. வெளியே உள்ளவர்களுக்குப் பணக்கொடை இல்லை, இலவச அரிசி இல்லை. வரிசையில் நிற்கும் கட்டாயமும் இல்லை. இருவரும் ஒரே போரிலிருந்து ஓடிவந்தவர்கள். வசதியுள்ளவர் நடமாட்டத்தை வைத்துக்கொண்டார், இல்லாதவர் அதைக் கொடுத்து அரிசி வாங்கினார். பதிலுக்கு எதையாவது எதிர்பார்த்துத் தருவதை வள்ளுவர் ஈகைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வறியவரிடம் அவருடைய கடைசி உடைமையான நடமாட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொடுப்பதற்குக் கொடை என்ற பெயர் பொருந்தாது.

சட்டத்தில் இதற்கு விடை தேடினால் ஏமாற்றமே. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை நடமாட்ட உரிமையைப் பேசுகிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. சக்மா அகதிகளின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், குடிமகன் ஆனாலும் ஆகாவிட்டாலும் உயிரையும் தன்னுரிமையையும் காப்பது அரசின் கடமை என்றது. ஆனால் நாட்டுக்குள் தடையின்றி நடமாடும் உரிமையை அரசமைப்பு குடிமக்களுக்கு மட்டுமே தந்திருக்கிறது. சட்டம் விட்ட இடைவெளியை மனச்சான்றுதான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அந்த மனச்சான்றின் சோதனை முகாமுக்குள் பணி செய்பவர்களுக்குத்தான் கடுமை. 1984இல் எஸ். சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளே அகதிகளுக்காக நடத்துவது. மாலை வகுப்பு, சுகாதாரப் பணி, முகாமில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்று அவர்கள் ஓடும் ஓட்டம் பெரிது. இயேசு சபை அகதிகள் பணியும் முகாம்களில் மாலைப் படிப்பகங்கள் நடத்துகிறது. இப்படி ஒரு படிப்பகத்தில் பாடம் சொல்லும் அக்காவுக்கு எந்தப் பிள்ளையின் அப்பா எந்த ஊரில் வேலையில் இருக்கிறார் என்பது தெரியும், பிள்ளையே சொல்லியிருக்கும். அலுவலர் அவரிடம் வந்து ‘அந்த வீட்டு ஆள் எங்கே?’ என்று கேட்டால்? சொன்னால் ஒரு குடும்பத்தின் பதிவு ஆட்டம் காணும். பொய் சொன்னால் படிப்பகமே மூடப்படலாம். இப்படி ஒரு நிலைக்கு அவரைத் தள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. பிள்ளை நம்பிச் சொன்னது நிர்வாகத்தின் தகவல் களஞ்சியம் ஆகக் கூடாது.

செய்ய வேண்டியது கடினமானதும் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை, முன்கூட்டியே தேதி சொல்லிச் சரிபார்க்கலாம். வேலைக்குப் போனவர் இருக்கும் ஊரிலேயே பதிந்துகொள்ள வழி விடலாம். ஒரு நாள் முகம் காட்டாததற்காகத் தொகையை நிறுத்தும் வழக்கத்தை எடுத்துவிடலாம். 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர்ப்பலகையை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றிய அரசுக்கு இது எட்டாத வேலை இல்லை.

1990இல் மண்டபம் முகாமில் கைக்குழந்தையாகப் பதியப்பட்டவருக்கு இப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தன் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அதே வரிசையில் நிற்கிறார்.