உயர்நிலைப் பிரெஞ்சும் எதிர்த்தரப்பின் நியாயமும்

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள குருபரப்பள்ளி வட்டாரத்தில், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசி, பள்ளியில் தமிழ்வழி படித்து, சிப்காட் தொழிற்பேட்டையில் வடமாநிலத் தொழிலாளரோடு இந்தியில் பேசிப் பழகுவோர் பலர்; பிழைப்பும் அக்கம்பக்கமும் கற்றுக்கொடுத்த இத்திறனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தந்ததில்லை. அத்தகைய ஊரிலிருந்து ஒரு மாணவர் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ சென்று பிரெஞ்சை முதுகலை வரை படிப்பாராயின், வாழ்க்கைக்கு அவர் கூடுதலாகப் பெறுவது என்ன என்ற கேள்வி, வேலை கிடைக்குமா என்று பெற்றோர் நியாயமாகவே கேட்கும் கேள்வியோடு சேர்த்து எண்ணத்தக்கது.

வேலை பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. அவற்றுள் நான்காவதான பி2 நிலையை, அதாவது தாய்மொழியாளரோடு பெரிதும் தடுமாறாமல் உரையாடும் நிலையை எட்டியவர், பெங்களூரில் பிரெஞ்சு தெரிந்தோருக்கான பணிகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்க இயலும். மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சை எடுத்துத் தேர்வோடு கைவிடுவோர் இந்நிலையைக்கூட நெருங்குவதில்லை. உயர்நிலைக் கல்வி எனப்படுவதோ இதற்கும் மேற்பட்ட சி1, சி2 நிலைகளையே குறிக்கும்.

சி1 நிலைக்குரிய டால்ஃப் என்னும் பிரெஞ்சு அரசுச் சான்றிதழ்த் தேர்வின் எழுத்துப் பகுதியில் ‘சேந்தேஸ்’ எனப்படும் தொகுப்புரை ஒன்று உண்டு. மொத்தம் ஏறத்தாழ 1,000 சொற்கள் கொண்ட வெவ்வேறு கட்டுரைகளைப் படித்து, அவற்றின் கருத்துகளை ஒரே சீராக இணைத்து, சுமார் 220 சொற்களில் மாணவர் எழுத வேண்டும். மூலத்தின் வாக்கியங்களை அப்படியே எடுத்தெழுதலாகாது, சொந்தக் கருத்து ஒன்றையும் சேர்க்கலாகாது. பிரான்சில் 2000-இல் நடைமுறைக்கு வந்த வாரத்துக்கு 35 மணி நேர வேலை முறையை முதலாளி ஒருவர் மறுத்தும் தொழிற்சங்கத்தினர் ஒருவர் ஆதரித்தும் எழுதியவை தரப்பட்டால், அண்ணன் இரவு ஷிஃப்டுக்குச் செல்லும் வீட்டில் வளர்ந்த மாணவருக்கு முதலாளியின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துரைப்பது எளிதன்று. அவ்வாறு எழுதி முடித்த பின்னரே, அதே தேர்வின் அடுத்த வினாவில், தம் நிலைப்பாட்டை வாதிட்டு எழுத அவருக்கு இடமளிக்கப்படுகிறது. பிறர் கூற்றைத் திரிக்காமல் சொல்லிய பிறகே தன் கூற்றைச் சொல்வது என்னும் இந்த ஒழுக்கமே உயர்நிலை மொழிக்கல்வியின் தலையாய பயன் எனலாம்.

இவ்வொழுக்கத்தின் பயனைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் என இருதிசை மொழிபெயர்ப்பிலும் காணலாம். 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடாக 1968-இல் பரிபாடலைப் பிரெஞ்சில் தந்த பிரான்சுவா குரோ, மொழிபெயர்ப்போடு தமிழ் மூலத்தையும் விரிவான முன்னுரையையும் குறிப்புகளையும் சேர்த்தே அளித்தார். ஆல்பேர் கமுய் 1942-இல் வெளியிட்ட நாவலை வெ. ஸ்ரீராம் ‘அந்நியன்’ என ஆங்கிலத்தின் துணையின்றி நேரடியாகத் தமிழாக்கியமையால், தமிழ் வாசகர் அந்நாவலை இடைமொழி இன்றி அணுக முடிந்தது.

கர்நாடக எல்லைக்கு அருகிலுள்ள குருபரப்பள்ளி போன்ற ஊருக்கு இவ்வொழுக்கத்தின் தேவை மிகுதி. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை முற்றியபோது பெங்களூரு செல்லும் தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஓசூரோடு நிறுத்தப்பட்டன; தமிழும் கன்னடமும் அறிந்தோர் எல்லையின் இருபுறமும் நிறைந்திருந்தும், மறுபுறத்து உழவரின் நியாயத்தை அவரே ஏற்கும் வகையில் எடுத்துச் சொல்வோரின் குரல் மேலெழவில்லை. பல மொழிகளைப் பேசும் திறன் தானாகவே பிறர் நியாயத்தை உணரும் திறனாகிவிடாது என்பதும், அதற்கெனத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதும் இதனால் புலனாகின்றன. ஆகவே குருபரப்பள்ளியிலிருந்து பிரெஞ்சு படிக்கச் செல்லும் மகனையோ மகளையோ வேலைக்கு உதவாத படிப்பு என்று தடுப்பதைவிட, பி2 நிலையோடு நின்றுவிடாமல் மேலும் ஈராண்டு படிக்க விடுவது பெற்றோருக்கும் ஊருக்கும் நன்மை பயக்கும்.