ஊர்ப்பணத்தில் ஒரு கால்பந்துக் கூடம்

ஐஸ்லாந்தில் கால்பந்துக் கூடம் என்பது ஒரு முழு மைதானத்தையே சுவரும் கூரையும் எழுப்பி மூடிய கட்டடம். செயற்கைப் புல்தரை, விளக்குகள், காற்றும் மழையும் புகாத மறைப்பு ஆகியவை தவிர உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. இந்த வகையில் நாட்டின் முதல் முழு அளவுக் கூடமான ரெய்க்யானெஸ்ஹோல், கெப்லவிக் நகரில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே தலைநகர் ரெய்க்யவிக்கிலும், அதையொட்டிய கோபவோகுரிலும், வடக்கே அக்குரெய்ரியிலும் இத்தகைய கூடங்கள் எழுந்தன. பெரும்பாலும் செலவை நகராட்சி ஏற்கிறது, ஊர் கிளப்பின் பிள்ளைகள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். ஒரு விளையாட்டை ஆடும் பிள்ளைகளுக்காக ஆடாதவர்களின் வரிப்பணத்தையும் எடுத்துக் கட்டுவது முறையா என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

தேவை உண்மையானது. டிசம்பரில் ரெய்க்யவிக்கில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மணி நேரமே. பனியும் கடற்காற்றும் சேர்ந்தால் வெளி மைதானத்தில் பந்து நிற்காது, பிள்ளைகளும் நிற்க முடியாது. முந்தைய தலைமுறை சரளை மைதானங்களிலும் பள்ளி உடற்பயிற்சி அறைகளிலும் குளிர்காலத்தைக் கழித்தது. பிறந்த இடத்தின் தட்பவெப்பத்துக்குப் பிள்ளை பொறுப்பல்ல. பெற்றோர் தனித்தனியாகக் கூரை போடவும் முடியாது. தனியாளால் இயலாததும் பிள்ளையின் வளர்ச்சிக்கு வேண்டியதுமான ஒன்றை ஊர் சேர்ந்து செய்வதில் தவறு காண்பது கடினம்.

ஆனால் ஆதரவு திரட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எளிய காரணத்தோடு நிற்பதில்லை. கூடம் வந்தால் பிள்ளைகள் குடிக்கும் போதைக்கும் போகமாட்டார்கள் என்பது ஒரு வாதம். ஐஸ்லாந்தின் எண்கள் அதற்குத் துணைபோவதாகத் தோன்றும். 1998இல் 15, 16 வயதினரில் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியிருந்தவர்கள் 42 சதவீதம், 2016இல் 5 சதவீதம். அந்த மாற்றத்துக்குப் பின்னால் பல கைகள் இருக்கின்றன. பள்ளிகளில் தவறாமல் நடந்த கணக்கெடுப்பு, பெற்றோர் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடுகள், குளிர்காலத்தில் 12 வயது வரையுள்ளவர்கள் இரவு 8 மணிக்கு மேலும் 13 முதல் 16 வயதினர் 10 மணிக்கு மேலும் தனியாக வெளியே திரியக்கூடாது என்ற சட்டம், இசைக்கும் நடனத்துக்கும் விளையாட்டுக்கும் ஊர்கள் தந்த பணம் எல்லாம் சேர்ந்தே அதைச் சாதித்தன. கூடம் அவற்றில் ஒன்று. அதன் பெயரில் முழுப் பலனையும் எழுதி வாக்குக் கேட்பது, நல்ல நோக்கத்துக்காகச் சொன்னாலும், ஊரை ஏமாற்றுவதுதான்.

இன்னொரு வாதம் வெற்றி. ஏறக்குறைய 3,30,000 பேர் மட்டுமே வாழும் நாடு 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை 1-1 என்று நிறுத்தியது. கூடங்களில் வளர்ந்த தலைமுறை என்று அந்த ஆட்டக்காரர்களை உலகமே பேசியது. அந்த மகிழ்ச்சியில் குற்றமில்லை. குற்றம், அதையே நியாயமாக நிறுத்துவதில் இருக்கிறது. ஆண்கள் அணி அடுத்த உலகக் கோப்பைக்குத் தகுதிபெறவில்லை. அன்று மாலை பயிற்சிக்கு வந்த எட்டு வயதுச் சிறுமியின் தேவை அதனால் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை. கோப்பைக்காகக் கட்டிய கூடத்தில் திறமையான பத்துப் பேர் முதலீடாகவும் மற்றவர்கள் கழிவாகவும் பார்க்கப்படுவார்கள். பிள்ளையை எதற்கோ கருவியாக்கும் எந்தக் கணக்கும், வரவு எவ்வளவு பெரிதானாலும், ஏற்கத்தக்கதல்ல.

கால்பந்தே ஆடாதவர்களின் முறையீட்டை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. வயலின் கற்கும் பிள்ளை, எந்தக் குழுவிலும் சேராத பிள்ளை, ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டி ஆகிய மூவரும் வரியில் பங்குகொள்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் மிகுதியாக வந்து மிகச் சத்தமாகப் பேசுபவர்கள் ஆட்டக்காரப் பிள்ளைகளின் பெற்றோர். கைதூக்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஊரின் சம்மதம் என்று எழுதினால், கூட்டத்துக்கு வர நேரமில்லாதவர்களின் பணத்தை வந்தவர்கள் பங்கிட்டுக்கொண்டதாகும்.

இதற்கு விடை உண்டு. நூலகத்துக்குள் நுழையாதவரும் நூலகத்துக்கு வரி கட்டுகிறார், நீச்சல் தெரியாதவரும் ஊர்க் குளத்துக்குக் கட்டுகிறார். எல்லாரும் ஒன்றையே பெறவேண்டும் என்பதில்லை, எல்லாருடைய முறையும் வரவேண்டும். அப்படியானால் இன்று கூடத்துக்குக் கைதூக்கியவர் நாளை இசைப்பள்ளியின் கூரை ஒழுகும்போதும் கைதூக்கக் கடமைப்பட்டவர். கூடத்தின் நேரத்தையும் பகிர்ந்தாக வேண்டும். ஐஸ்லாந்தின் சில கூடங்களில் காலை வேளையில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது, முதியவர்கள் நடைபயிற்சி செய்கிறார்கள். வழுக்கும் பனியில் விழுந்து இடுப்பு முறியுமோ என்ற அச்சமின்றி ஒரு மணி நேரம் நடக்க முடிவது அவர்களுக்குச் சிறிய காரியமல்ல.

இதைவிட முக்கியமானது, பிள்ளைகளிலேயே யார் உள்ளே வருகிறார்கள் என்பது. கட்டடம் ஊருடையதாக இருந்தாலும் பயிற்சிக்குக் கிளப் கட்டணம் வாங்குகிறது. காலணி, சீருடை, வெளியூர்ப் போட்டிக்குப் பயணம் என்று செலவு ஏறும். ரெய்க்யவிக் நகராட்சி 2007 முதல் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கி, அதை விளையாட்டு, இசை, கலை எதற்கும் செலுத்தலாம் என்று வைத்திருக்கிறது. செங்கல்லுக்குக் கொடுத்த ஊர் பிள்ளைக்கும் கொடுக்கும் நல்ல ஏற்பாடு அது. அப்படியிருந்தும் வெளிநாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கிளப்புகளில் குறைவாகவே சேர்கிறார்கள். தடை பணம் மட்டுமல்ல. அறிவிப்பு அவர்களுக்குப் புரியும் மொழியில் இல்லை, பெற்றோரின் வேலைநேரம் ஒத்துவருவதில்லை, கூப்பிட யாரும் இல்லை. மாலை ஐந்து மணி பையன்களுக்கும் இரவு ஒன்பது மணி பெண்பிள்ளைகளுக்கும் என்று நேரம் வகுத்தாலும் கதவு பாதி சாத்தியதுதான்.

ஊர் பணத்தை மட்டுமல்ல, உழைப்பையும் தரலாம். நார்வேயில் ஊர்ப்பணிக்கு எல்லாரும் சம்பளமின்றி உழைக்கும் வழக்கத்துக்கு ‘டுக்னாத்’ என்று பெயர். விளையாட்டுக் கிளப்புகள் அதை நம்பியே நடக்கின்றன. பணத்தைவிட உழைப்பு ஊரை இறுக்கிக் கட்டும் என்பது மெய். ஆனால் விருப்பமாகத் தொடங்கும் உழைப்பு சீக்கிரம் கணக்குப் பார்க்கத் தொடங்கும். இரவுப் பணிக்குப் போகும் தாய் ஞாயிற்றுக்கிழமை வண்ணமடிக்க வரவில்லை என்பதற்காக அவள் மகன் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் உட்காரக் கூடாது.

ஐஸ்லாந்தின் கால்பந்துச் சங்கம் 2004இல் தொடங்கி இன்னொரு வழியையும் காட்டியது. பள்ளிகளின் அருகே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு செயற்கைப் புல்தரைகள் அமைந்தன. சங்கம் புல்தரையைக் கொடுத்தது, ஊர் நிலத்தைச் சீர்செய்தது. கூரை கிடையாது, கட்டணமும் பெயர்ப்பதிவும் கிடையாது. பந்தை எடுத்துக்கொண்டு யாரும் போகலாம். புயல் நாளில் அது பயன்படாது, ஆனால் கிளப்பில் சேராத பிள்ளைக்கும் அது சொந்தம். சிறிய ஊர் ஒன்று இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியுமென்றால், சிறு தரையையே முதலில் போடவேண்டும். கூடம் அதற்குப் பின்னால் வரலாம்.

பணத்தின் எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதை ஆல்ப்டனெஸ் அனுபவித்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த அந்த நகராட்சி, அலையடிக்கும் குளமும் உயரமான சறுக்கும் கொண்ட நீச்சல் வளாகம் ஒன்றை நீண்டகாலக் குத்தகை ஏற்பாட்டில் கட்டி 2009இல் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நாட்டின் வங்கிகள் சரிந்திருந்தன. நகராட்சி கடனில் மூழ்கி, நிதி நிர்வாகம் அரசின் கண்காணிப்புக்குப் போய், 2013இல் பக்கத்துக் கார்தபைருடன் இணைந்து தன் தனிவாழ்வை முடித்துக்கொண்டது. குளத்தைப் பிள்ளைகளுக்காகத்தான் கட்டினார்கள். தவணைக்காலம் அந்தப் பிள்ளைகள் வரி கட்டும் வயதையும் தொடும் என்றால், வாக்குரிமை இல்லாதவர்களின் பெயரில் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டதாகிறது.

திறப்புவிழாவோடு செலவு முடிவதும் இல்லை. செயற்கைப் புல்தரையைப் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டியிருக்கும். அதில் தூவும் ரப்பர்த் துகள் மண்ணிலும் நீரிலும் சேர்வதால், அத்தகைய துகள்களின் விற்பனையை எட்டு ஆண்டுகளுக்குள் நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி செய்தது. மாற்றுப்பொருளின் விலையும் ஊரின் கணக்கில்தான் ஏறும். ஹ்வெரகெர்தி என்ற சிற்றூர் செலவைக் குறைக்கக் காற்றடைத்து நிறுத்தும் கூடம் ஒன்றை 2012இல் அமைத்தது. 2022 பிப்ரவரிப் புயலில் அது கிழிந்து விழுந்தது. மறுபடி காற்றுக் கூடமா, உறுதியான கட்டடமா, அதற்குள் வேறு யாருக்கும் இடமுண்டா என்று ஊர் முதலிலிருந்து பேசவேண்டியதாயிற்று. இந்த முறை பேசியவர்களுக்குப் பத்தாண்டுப் பழக்கம் இருந்தது. கூடத்தை யார் பயன்படுத்தினார்கள், யார் ஒருநாளும் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.