மஞ்சள் காசும் மௌனமும்

பண்டிகைக்கு முந்தின நாள் வீட்டுக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கியிருப்பீர்கள். கறுத்துக் கிடந்தது பொன்போல் ஆகிவிடும். அந்தப் பித்தளையைப் பற்றித்தான் இன்று பேச்சு. ஆனால் விளக்கு அல்ல. இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் உரோமையர் அடித்த மஞ்சள் காசு. அதைத் தேடிச் சேர்க்கிறவர்கள் உலகில் பலர் உண்டு. அவர்கள் கைக்கு அது வந்து சேரும்போது, பழைய மனச்சாட்சிக் கேள்வி ஒன்றும் கூடவே வருகிறது.

முதலில் காசைப் பார்ப்போம். அகுஸ்துஸ் இராயர் கி.மு. 23-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாணய முறையைத் திருத்தினார். செஸ்தெர்ஸியுஸ், துப்போந்தியுஸ் என்ற இரண்டும் பித்தளையில் அடிக்கப்பட்டன. அஸ் என்னும் சில்லறைக் காசு செம்பில். சிட்டுக்குருவி விற்ற காசு என்று நற்செய்தியில் வருகிறதே, அந்த அஸ்ஸாரியோன் என்ற கிரேக்கப் பெயர் இந்த அஸ்ஸிலிருந்து வந்ததுதான். நாலு அஸ் கொண்டது செஸ்தெர்ஸியுஸ், இரண்டு அஸ் கொண்டது துப்போந்தியுஸ். இதில் ஒரு வேடிக்கை: துப்போந்தியுஸும் அஸ்ஸும் அளவில் ஏறக்குறைய ஒன்றே. பிற்காலத்தில் துப்போந்தியுஸில் இராயர் தலைக்குக் கதிர்முடி சூட்டி அடையாளம் வைத்தார்கள். அதுவரை சந்தைக்குப் போன பெண்பிள்ளை நிறத்தைப் பார்த்தே எண்ணினாள். மஞ்சள் என்றால் இரண்டு, சிவப்பு என்றால் ஒன்று. அந்தக் காசின் நிறமே அதன் வாய்ச்சொல் என்று சொல்லலாம்.

அந்த மஞ்சளை உண்டாக்குவது எளிதாயிருக்கவில்லை. துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரிக்க உரோமையருக்குத் தெரியாது. துத்தநாகக் கல்லைப் பொடித்து, கரியுடனும் செம்புடனும் மூடிய மூசையில் வைத்துச் சூடேற்றுவார்கள். துத்தநாகம் ஆவியாகிச் செம்புக்குள் ஊறும். அகுஸ்துஸ் காலத்துக் காசுகளில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் துத்தநாகம் உண்டு. பழைய காசையே திரும்பத் திரும்ப உருக்கினால் அது புகையாய்ப் போய்விடும். மூன்றாம் நூற்றாண்டுக் காசுகளில் அது பெயருக்குத்தான் மிஞ்சியது. இந்த உலோகத்தின் கிரேக்கப் பெயருக்கு மலைச்செம்பு என்பதே பொருள். உரோமையர் காதில் அதன் முதல் அசை பொன்னைக் குறிக்கும் தங்கள் சொல்லைப் போல ஒலித்தது. ஆகவே பெயரிலேயே பொன்னும் பித்தளையும் குழம்பிப் போயின.

இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் கேள்வி பிறந்தது. கி.மு. 44-ல் சிசெரோ, ஆத்தென்ஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில், தமக்கு முந்தின ஞானிகள் கேட்டதாக இதைச் சொல்கிறார். ஒருவன் பொன்னைப் பித்தளை என்று எண்ணி விற்கிறான். ஆயிரம் பெறும் சாமானை ஒரு வெள்ளிக் காசுக்குக் கொடுக்கத் தயாராயிருக்கிறான். வாங்க வந்த நல்லவன் ‘ஐயா, இது பொன்’ என்று சொல்ல வேண்டுமா, பேசாமல் வாங்கிக்கொண்டு போகலாமா? பொன் பித்தளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமாயிற்றே, கையில் எடுத்தால் தெரியாதா என்று கேட்காதீர்கள். ஞானிகளின் உதாரணங்களில் வருகிறவர்கள் எப்போதும் சற்று மந்தமானவர்கள்.

இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல்களைப் பற்றி இருவர் வாதாடியதையும் சிசெரோ எடுத்துச் சொல்கிறார். பாபிலோன் நாட்டுத் தியோஜெனெஸ் ஒருவர்; அவருடைய சீடரான அந்திப்பாத்தர் மற்றவர். இந்தச் சீடர், அர்ச். சின்னப்பருடைய ஊராகிய தர்சு பட்டணத்தார். சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது குருவின் கட்சி. தெரிந்ததையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்பது சீடனின் கட்சி.

இப்போது காசு சேர்க்கிறவரிடம் வருவோம். மண்ணில் கிடந்த பித்தளைக் காசில் பச்சையும் கபிலமுமாகக் களிம்பு ஏறிவிடும். துப்போந்தியுஸும் அஸ்ஸும் ஒரே நிறமாகிவிடும். ஆனால் தீபெர் ஆற்றின் அடிச்சேற்றைப் போல் காற்றுப் புகாத இடத்தில் புதைந்த காசு, பழைய மஞ்சளோடே வெளிவருவதுண்டு. இப்படிப்பட்ட காசின்மேல் பலருக்கு ஆசை; அந்த ஆற்றின் பெயராலேயே அதைச் சொல்லுகிறார்கள். ஆசை இருக்கும் இடத்தில் குறுக்குவழியும் இருக்குமே! களிம்பேறிய காசைத் திராவகத்தில் போட்டுத் துலக்கினாலும் உலோகம் வெளியே தெரியும். சில சமயம் மேற்பரப்பில் துத்தநாகம் முன்பே அரித்துப் போயிருக்கும். அப்போது மஞ்சளுக்குப் பதில் செம்பின் ரோஜா நிறம் எட்டிப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். எப்போதும் காட்டிக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

துலக்குவது பாவமா? சொந்தச் சாமானைத் துலக்கினவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். இருபது நூற்றாண்டு ஏறிய களிம்பு ஒரு மணி நேரத்தில் போய்விட்டதே என்று வருந்துவேன், அவ்வளவுதான். விற்கும்போதுதான் விஷயம் மாறுகிறது. “ஆற்றில் கிடந்தது என்று நான் சொல்லவில்லையே, அவராக நினைத்துக்கொண்டார்” என்பார் விற்றவர். அவர் நினைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்துத்தானே, நீர் வாயைத் திறக்கவில்லை? ஒரு விஷயம் ஒருவருக்குத் தெரிய வேண்டியதாயிருக்க, நம் இலாபத்துக்காக அது அவருக்குத் தெரியக்கூடாது என்று விரும்பினால், அந்த மௌனம் மறைப்பதுதான் என்று சிசெரோவும் தீர்க்கிறார்.

வாங்குகிறவர் சங்கதி இன்னும் கடினம். பத்து வருஷம் புத்தகங்களைப் புரட்டி, கண் கெட, எழுத்துகளைப் பழகினவர் ஒருவர். வியாபாரியின் தட்டில், மலிவு விலைச்சீட்டுடன் அரிய காசு ஒன்று கிடக்கிறது. தம் படிப்புக்குக் கூலி கிடைக்கிறது என்று அவர் நினைத்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காசை அறிந்து வைத்திருப்பது வியாபாரியின் தொழில், விலையிட்டவரும் அவரே. அந்திப்பாத்தரின் முன்னால் நான் தலைகுனிய நேர்ந்தாலும், இந்த இடத்தில் அவ்வளவு கண்டிப்பாயிருக்க என்னால் முடியவில்லை.

ஆனால் அதே காசு, கணவனை இழந்த ஒருத்தியின் வீட்டில், அவர் விட்டுப்போன தகர டப்பாவில் இருந்தால்? அவள் அதை விற்பது ஆசையினால் அல்ல, தேவையினால். காசைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வந்தவருக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். “நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்கிறாள். அந்த வார்த்தையோடு அவர் வாங்க வந்தவராக மட்டும் இருப்பது நின்றுபோயிற்று. அவளுக்காகப் பார்க்கும் கண்ணாகவும் ஆகிவிட்டார். குறைத்துச் சொன்னால் அது படிப்பின் கூலி அல்ல, அவளுடைய அறியாமைக்குப் போட்ட விலை. சொன்னால் வேறொருவருக்கு விற்றுவிடுவாளே என்றால், விற்கட்டும். காசு இன்னும் அவளுடையது.

கவனமாய்ச் சேர்க்கிறவர்கள் ஒவ்வொரு காசோடும் சிறு சீட்டு வைப்பார்கள். எந்த இராயர், என்ன எடை, யாரிடம், எந்த வருஷம், என்ன விலைக்கு வாங்கியது என்றெல்லாம் பொடி எழுத்தில் அதில் இருக்கும். அடியில் பெரும்பாலும் இன்னும் ஒரு வரிக்கு இடம் மிஞ்சியிருக்கும். ‘துலக்கியது’ என்று எழுத அது போதும்.